புழுவின் பெயர்

சென்ற வருஷம் புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, எங்கள் கொல்லையில் பூப்பறிக்க வந்த அம்மாள் கூடையைக் கீழே போட்டுவிட்டு "ஐயோ" என்று அலறினாள். நானும் அக்காவும் எழுந்து ஓடினோம். நந்தியாவட்டைக் கிளையில், ஆள்காட்டி விரல் பருமனுக்கு ஒரு புழு. அப்பட்டமான இலைப் பச்சை. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இலை எது, புழு எது என்று தெரிந்தது. வால் பக்கத்தில் மஞ்சளாகச் சின்னக் கொம்பு ஒன்று வளைந்து தொங்கிற்று. முன்பக்கத்தில் இரண்டு கண்கள். நீலமும் வெள்ளையுமாக, சுற்றிக் கறுப்பு மை தீட்டிய கண்கள். அவை எங்களையே முறைத்துக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா இது, பாம்புக் குட்டியாட்டம் பாக்குது. நசுக்கிப் போட்டுடட்டா?" என்று அந்த அம்மாள் செருப்பைக் கையில் எடுத்தாள்.

"இரு, இரு. இன்னதென்று தெரியாமல் எப்படி நசுக்குகிறது?" என்றாள் அக்கா.

தெரிந்துவிட்டால் மட்டும் நசுக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் கேட்டால் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு பேகோபுரத்துக்குப் பின்னால், மலையை ஒட்டினாற்போல இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் அண்ணாமலை எதிரே நிற்கும். கொல்லையில் இரண்டு நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி, யாரும் வைக்காமல் முளைத்த நித்தியகல்யாணிப் புதர். பூவெல்லாம் அந்த அம்மாளுக்கு. பறித்துக் கட்டிக் கோயில் வாசலில் விற்கிறாள். மாதம் ஏதோ கொடுப்பதாகப் பேச்சு. கொடுத்ததுமில்லை, அக்கா கேட்டதுமில்லை. ஆனால் புழு தின்கிற ஒவ்வொரு கொழுந்தும் அவளுக்குப் பத்துப் பூ. எங்களுக்கு வேடிக்கை, அவளுக்குப் பிழைப்பு. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுவது நியாயம்.

அது என்ன புழு என்று தெருவில் விசாரித்தோம். கம்பளிப்பூச்சி என்றார் ஒருவர். அதன் உடம்பில் ஒரு மயிர்கூட இல்லை. தொட்டால் கை அழுகிவிடும் என்றார் இன்னொருவர். அக்கா அதற்குள் நாலு தடவை தொட்டாயிற்று. கல்லூரியில் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் கைப்பேசியில் படம் பிடித்துக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை ஒரு பெயர் சொல்லிற்று. வியாழக்கிழமை வேறு கோணத்தில் படம் எடுத்தபோது வேறு பெயர் சொல்லிற்று. "வேண்டாம், நாமே வளர்த்துப் பார்த்துவிடுவோம்" என்றாள் அக்கா.

பழைய வழி அதுதான், நல்ல வழியும் அதுதான். எந்தச் செடியில் கிடைத்ததோ அந்தச் செடியின் இலையைப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். இரண்டே விதிகள். நம் வீட்டில் கறிவேப்பிலை தழைத்துக் கிடக்கிறதே என்று அதைப் போட்டால் நந்தியாவட்டைப் புழு பட்டினி கிடந்து சாகும், தின்னாது. மிட்டாய்க் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் ஈரமணலும் சருகும். வாயில் மல் துணி. காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் புது இலை. மிளகு மிளகாக அது போடுகிற எச்சத்தை அன்றன்றைக்கு எடுத்து எறிய வேண்டும். இல்லாவிட்டால் பூசனம் பூத்துப் புழு செத்துப்போகும். அடைத்து வைக்கிறோமே, பாவமில்லையா என்று அக்காவுக்கு முதல் இரண்டு நாள் உறுத்தல். தோட்டத்தில் விட்டால் மைனா கொத்திக்கொண்டு போகும் என்று நான் சமாதானம் சொன்னேன். அது சரியான சமாதானமா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அந்தக் கண்கள் கண்களே அல்ல என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தோம். உண்மைக் கண்கள் தலையில் கடுகை விடச் சிறியனவாக, இருக்கிற இடம் தெரியாமல் இருக்கின்றன. நாம் பார்த்துப் பயந்தவை முதுகில் எழுதியிருக்கும் படம். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு முன்பக்கத்தை உப்பலாக்கும். படத்துக்கு உயிர் வந்துவிடும்.

இந்த வேலையை நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியில் ஃபிராங்க்பர்ட் நகரத்தில் 1647-ல் பிறந்த மரியா சிபில்லா மெரியான் பதின்மூன்றாவது வயதில் பட்டுப்புழுவை வளர்த்துப் பார்த்தாள். அதோடு விடவில்லை, கையில் கிடைத்த புழுவையெல்லாம் வளர்த்தாள். 1679-ல் அதைப் பற்றிப் படங்களோடு ஒரு புத்தகம் போட்டாள். ஐம்பத்திரண்டாவது வயதில் மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவிலுள்ள சுரினாமுக்குக் கப்பலேறினாள், அங்கே உள்ள புழுக்களை வளர்த்துப் பார்க்க. புழு, அது தின்னும் செடி, கூடு, பூச்சி எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அந்தக் காலத்தில் அறிஞர்கள் செத்த பூச்சியை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாள் சமையற்காரி மாதிரி வேளாவேளைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டில் எது அறிவு என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் நாட்டிலும் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை 1883-ல் தொடங்கியவர்களில் ஒருவரான எயிட்கன் உப்புச் சுங்க இலாகா உத்தியோகஸ்தர். அவரும், பெல் என்ற காட்டிலாகா அதிகாரியும், டேவிட்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியும் வட கன்னட ஜில்லாவில் சேர்ந்துகொண்டு ஊர்ப்பட்ட புழுக்களை வளர்த்துத் தள்ளினார்கள். கோயமுத்தூர் விவசாய ஆராய்ச்சிக் கூடத்தில் அதே வேலை சம்பளத்துக்கு நடந்தது. டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றி 1940-ல் வெளியிட்ட கைநூலைப் புரட்டினால், இப்படி வளர்த்துத் தெரிந்துகொண்ட சேதி அநேகம் கிடைக்கும். பயிரைத் தின்கிற புழு இன்னதென்று தெரிந்தால்தான் அதை ஒழிக்கலாம். ஆக, அக்காவின் கேள்விக்கு அங்கே நேரான பதில்: நசுக்குவதற்காகவே தெரிந்துகொள்வது. தென்னந்தோப்புக்காரரைக் கேட்டால் அதில் தப்பென்ன என்பார். எனக்கும் பதில் சொல்ல வராது.

பத்தாம் நாளோ என்னவோ, எங்கள் புழு தின்பதை நிறுத்திற்று. பச்சை மறைந்து, செங்கல்லும் மண்ணும் கலந்தாற்போல ஒரு நிறம் வந்தது. ஜாடிக்குள் ஓயாமல் சுற்றிற்று. பிறகு சருகுக்கு அடியில் போய் மெல்லிய வலை பின்னி, தோலை உரித்துப் போட்டுவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிட்டது. அக்கா காலண்டரில் தேதியைச் சுழித்தாள். ஜாடியில் ஒரு சீட்டு ஒட்டினாள்: "புழு, நந்தியாவட்டை, புரட்டாசி 28". அதற்குக் கீழே பெயர் எழுத இடம் விட்டாள்.

ஒரு வாரம் கழித்துச் சருகை விலக்கினோம். கூட்டுப்புழு காய்ந்து லேசாகியிருந்தது. பக்கத்தில் ஒரு ஓட்டை. மணலில், அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, செம்பழுப்பாக நாலு பீப்பாய்கள். இன்னும் பத்து நாளில் ஜாடிக்குள் நாலு ஈக்கள் பறந்தன. வீட்டு ஈயைவிடப் பெரியவை. முதுகெல்லாம் முள் முள்ளாக மயிர்.

அக்கா வெகுநேரம் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியானால் அது ஈயாடா தம்பி?" என்றாள்.

சிரிக்கத் தோன்றலாம். ஹாலந்து தேசத்து ஓவியர் யோஹன்னஸ் கூடார்ட் சிரிக்கவில்லை. 1660-களில் அவர் வெளியிட்ட புத்தகத்தில், ஒரே ஜாதிப் புழு இரண்டை வளர்த்ததில் ஒன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சியும் இன்னொன்றிலிருந்து ஏராளமான ஈக்களும் வந்தன என்று உள்ளது உள்ளபடி எழுதினார். புழு எதுவாக வேண்டுமானாலும் மாறலாம் போலிருக்கிறது என்று அந்தக் காலத்து ஜனங்கள் பிரமித்தார்கள். பின்னால் வந்தவர்கள் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஈ, புழுவின் தோல்மேல் முட்டையிடுகிறது. குஞ்சு உள்ளே நுழைந்து தின்கிறது. உயிர் போகாதபடி பார்த்துப் பார்த்துத் தின்கிறது. எங்கள் புழுவின் கழுத்துக்குப் பின்னால் வெள்ளையாக நாலைந்து புள்ளிகள் இருந்தன. அழகாயிருக்கிறது, வைரத்தோடு மாதிரி என்று அக்கா சொல்லியிருந்தாள். அவை முட்டைகள்.

கூடார்டைப் போய்ச் சொல்வானேன்? நாமே ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இதே தப்பைச் செய்திருக்கிறோம். குளவி ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து மண்கூட்டில் வைத்து அடைக்கிறது. கொட்டக் கொட்டப் புழு குளவியையே நினைத்து நினைத்துக் குளவியாகிவிடுகிறது. வேதாந்தத்தில் பிரமர கீட நியாயம் என்பார்கள். சைவ சித்தாந்திகளும் வேட்டுவனும் புழுவும் என்று உதாரணம் சொல்வார்கள். எங்கள் ஊரில் பிரசங்கத்துக்குக் குறைவே கிடையாது. மாதத்தில் ஒரு தடவையாவது இந்தக் குளவி வந்து காதில் ரீங்காரம் செய்துவிட்டுப் போகும். தியானத்துக்கு உவமையாக அது இருந்துவிட்டுப் போகட்டும். உவமையைக் கோர்ட்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்கிறவன் ரசிகனல்ல. ஆனால் மண்கூட்டுக்குள் நடப்பது வேறு. ஃபிரெஞ்சுக்காரர் ஃபாப்ரே வருஷக்கணக்காக வெயிலில் படுத்துக் கிடந்து பார்த்தார். 1879 தொடங்கிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். கொட்டுவது புழுவைச் சாகடிக்க அல்ல, அசையவிடாமல் செய்வதற்கு. அதன்மேல் குளவி ஒரு முட்டை இடுகிறது. குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து வெளியே வருகிறது. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று நம் பெரியவர்கள் பார்த்ததில் பிசகில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டதில்தான் பிசகு.

சின்ன வயசில் எனக்கு ஒரு உபாத்தியாயர் இருந்தார். நடுவிரலை மடக்கி உச்சந்தலையில் குட்டுவார். ஒவ்வொரு குட்டுக்கும் "கொட்டக் கொட்டத்தாண்டா குளவி" என்பார். தம்மைப் போல எங்களையும் ஆக்கிவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே ஆசை. அவர் கெட்டவரல்ல, எனக்கு யாப்பு சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் என்னோடு படித்த ஒரு பையன், நன்றாகப் பம்பரம் செதுக்குவான், குட்டுக்குப் பயந்தே வாயடைத்துப் போனான். நான் பள்ளிக்கூடத்தை விடுகிற வரையில் அவன் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவனுக்குள்ளே இருந்த எதையோ யாரோ தின்றுவிட்டார்கள். வெளியே வந்தது வேறு ஆள். நாலு ஈக்களைப் பார்த்தபோது எனக்கு அந்த உபாத்தியாயரின் விரல் ஞாபகம் வந்தது.

அக்காவுக்கு ஞாபகம் வந்தது வேறு. அதை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்துச் சொன்னாள்.

அவளுக்கு ஒரு பையன் இருந்தான். பதின்மூன்றாவது வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். வருஷம் இருபத்தாறு ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். நம் வழக்கம் அப்படி. "இருந்திருந்தால் இன்ஜினீயராகியிருப்பான்." "கலெக்டர் களை இருந்ததே முகத்தில்!" அப்புறமும் ஒவ்வொரு திதிக்கும் யாராவது கணக்குப் போடுவார்கள்: இந்நேரம் கல்யாணமாகியிருக்கும், இந்நேரம் அமெரிக்கா போயிருப்பான். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

"எல்லோரும் அவன் என்ன ஆகியிருப்பான் என்றுதான் சொன்னீர்கள். அவன் என்னவாக இருந்தான் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை" என்றாள் அக்கா.

அவன் கணக்கில் சைபர். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டரிலும் எந்தத் திருப்பத்தில் எந்தக் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருக்கும் என்று சொல்வான். மலையடிவாரத்துக் கூழாங்கற்களை நிறவாரியாகப் பிரித்துப் பழைய டிபன் பாக்ஸில் வைத்திருப்பான். மழை வருகிறதென்றால் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கிற வாளியைத் திண்ணையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தாளம் போடுவான். பஸ் கண்டக்டராகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் இருபத்தாறு வருஷமாக என் மனத்தில் இருந்தவன் ஒரு கற்பனை இன்ஜினீயர். துக்கம் கேட்கப் போன நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து, இருந்த பையனை எடுத்துவிட்டு, இல்லாத மனிதன் ஒருவனை அவள் மடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம்.

இங்கேதான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. ஒன்று என்ன என்பதற்கு, அது கடைசியில் என்ன ஆகிறது என்பதுதான் பதிலா? நம் பேச்சு முழுவதும் அப்படித்தான் நடக்கிறது. ஐந்து வயசுக் குழந்தையிடம் பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கிறோம். இப்போது என்னவாக இருக்கிறாய் என்று கேட்பதில்லை. அறிவியல்காரர்களும் விதிவிலக்கல்ல. புழுவுக்கு அவர்கள் வைத்திருக்கும் லார்வா என்ற லத்தீன் வார்த்தைக்கு முகமூடி என்று பொருள். பேய் என்றும் பொருள் உண்டு. வளர்ந்த பூச்சிக்கு இமாகோ என்று பெயர். உருவம் என்று அர்த்தம். லின்னேயஸ் காலத்திலிருந்து இந்த வழக்கு. அதாவது புழு வேஷம், பூச்சிதான் ஆள். வேஷத்தைக் கலைத்த பிறகு ஆளைத் தெரிந்துகொள்ளலாம் என்பது சித்தாந்தம்.

வேஷம் என்றே வைத்துக்கொள்வோம். 2008-ல் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவகைப் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி, கூடவே லேசாக மின்சார அதிர்ச்சியும் கொடுத்தார்கள். புழுக்கள் அந்த வாசனையைக் கண்டால் விலகிப்போகக் கற்றுக்கொண்டன. பிறகு கூட்டுப்புழுவாயின. கூட்டுக்குள் உடம்பு அநேகமாகக் கரைந்து வேறாகக் கட்டப்படுகிறது. விட்டிலாகி வெளியே வந்த பிறகும் அவற்றில் பெரும்பாலானவை அதே வாசனையைக் கண்டு விலகின. வளர்ந்த புழுவாக இருந்தபோது கற்றவை மறக்கவில்லை. ரொம்பச் சிறிசாக இருந்தபோது கற்றவை மறந்துவிட்டன. முகமூடிக்கு வலித்தது முகத்துக்கு எப்படித் தெரிந்தது? என் உபாத்தியாயர் இருந்திருந்தால் இதை அவரிடம் காட்டியிருப்பேன். குட்டியிருப்பார்.

இன்னொரு சேதியும் உண்டு. கோஸ்டாரிக்காவில் டானியல் ஜான்சன் என்பவர் 1978 முதல் ஒரு காட்டிலுள்ள புழுக்களை வளர்த்து வருகிறார். மனைவியும் அந்த ஊர்க்காரர்களும் கூட உழைத்து, லட்சக்கணக்கில் வளர்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு வண்ணத்துப்பூச்சி. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அதற்கு ஒரே பெயர்; பெட்டியில் ஊசி குத்தி வைத்த பூச்சிகளைப் பார்த்து அது ஒரே இனம் என்று சொல்லிவிட்டார்கள். இவர்கள் புழுக்களை வளர்த்தபோது, ஒன்று ஒரு மரத்து இலையைத் தின்றது, மற்றொன்று வேறு மரத்து இலையைத் தின்றது; நிறமும் கோடும் வெவ்வேறு. கடைசியில் வந்த பூச்சி மாத்திரம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று போல. மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து, அது ஒன்றல்ல, பத்து இனங்கள் என்று 2004-ல் எழுதினார்கள். உருவம் மறைத்ததை முகமூடி காட்டிக்கொடுத்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் நானே என்னை மறுத்தும் பேச வேண்டும். பின்னால் வருவதை நினைக்காமல் வாழ முடியுமா? விதை நெல்லைப் பார்த்துக் குடியானவன் கதிரைத்தான் நினைக்கிறான். நாங்களே புழுவை வளர்த்தது அது என்ன ஆகிறது என்று பார்க்கத்தானே? வாஸ்தவம். எதிர்காலத்தை நினைத்து இலை போடுவதில் குற்றமில்லை. அந்த எதிர்காலம் வராமற்போனால் இலை போட்டதெல்லாம் வியர்த்தம் என்று எண்ணுகிற இடத்தில்தான் எனக்கு இடறுகிறது. அப்படி எண்ணினால், ஆரணியில் பட்டு நெய்கிறார்களே (எங்கள் ஜில்லாதான்), அந்தப் பட்டுப்புழுவைப் பற்றி என்ன சொல்வது? உலகத்திலேயே அதைப் போல ஊட்டி வளர்க்கப்படுகிற புழு இல்லை. சிறகு முளைத்து வெளியே வந்தால் கூடு கிழிந்து ஆயிரம் மீட்டர் இழை வீணாகிவிடும் என்று, வெளிவருமுன்பே ஆவியில் வைத்துவிடுகிறார்கள். அத்தனை ஆயிரம் புழுக்களில் பூச்சியானது நாலோ ஐந்தோ. மற்றதெல்லாம் முடியாத காரியங்களா? மல்பெரி இலையை மொறுமொறுவென்று தின்ற சத்தம் நடந்த சத்தம்தானே?

ஐப்பசிக் கடைசியில் மழை விட்ட ஒரு காலையில் இன்னொரு புழு கிடைத்தது. பாதிதான் வளர்ந்திருந்தது; கழுத்தில் வைரத்தோடு இல்லை. அக்கா அதை இரண்டாவது ஜாடியில் வைத்து, துணியை இரட்டையாக மடித்துக் கட்டினாள். முதல் ஜாடியை அலம்பாமல் சீட்டோடு அப்படியே அலமாரியில் வைத்திருந்தாள். கார்த்திகை ஐந்தாம் தேதி அது பழுப்பாகிச் சருகுக்குள் போயிற்று. இந்தத் தடவை கூட்டுப்புழு கனமாக இருந்தது. தொட்டால் வயிற்றை இப்படியும் அப்படியும் அசைத்தது. பக்கவாட்டில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்.

தீபத்தன்று ஊர் நிறைந்து விட்டது. தெருவில் ஒருவர் மேல் ஒருவராக ஜனம். ஆறு மணிக்கு மலையுச்சியில் சுடர் தெரிந்ததும் எழுந்த கோஷத்தில் ஜாடியே அதிர்ந்த மாதிரி இருந்தது. மறுநாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அக்கா கூப்பிட்டாள். துணியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாக ஏதோ தொங்கிற்று. சிறகு நனைந்த துணி மாதிரி சுருண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பாசி படிந்த கருங்கல்லில் சந்தனமும் குங்குமப்பூவும் சிந்தினாற்போல. பச்சையில் எத்தனை பச்சை! அது பாட்டுக்குச் சுவரில் உட்கார்ந்திருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

எயிட்கனோடு புழு வளர்த்தார் என்றேனே, அந்தப் பெல், ஸ்காட் என்பவரோடு சேர்ந்து 1937-ல் எழுதிய புத்தகம் இந்த வகை விட்டில்களைப் பற்றியதுதான். டாஃப்னிஸ் நேரியை. அரளிப் பருந்து விட்டில் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அரளியும் நந்தியாவட்டையும் அதன் புழு தின்கிற இலைகள். ஆடு மாடு வாய் வைக்காத விஷச்செடியான அரளியைத் தின்று இப்படி ஒரு பச்சையைச் செய்கிறது. பெயரை 1758-ல் வைத்தவர் நம் லின்னேயஸ். அவர் அப்போது சேர்த்த பேரினம் ஸ்ஃபிங்ஸ். எகிப்தில் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்தச் சிலை. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் முன்உடலை உயர்த்தித் தலையை மடக்கிக்கொண்டு அப்படித்தான் உட்காரும். விட்டில் அப்படி உட்காராது. ஆக, குடும்பப் பெயர் முழுவதும் புழுவின் பெயர். முகமூடி என்று பட்டம் கொடுத்தவரே முகமூடியைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்!

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். மலைப்பக்கத்தில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைத் தேடிப் போகிற ஜாதி என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கிணற்றடி இருட்டில் துணியை அவிழ்த்தாள். அது சிறகை நடுங்க விட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, எப்போது போயிற்று என்று தெரியாமல் போய்விட்டது.

உள்ளே வந்து பென்சிலை எடுத்தாள். இரண்டாவது ஜாடியின் சீட்டில் பெயரை எழுதினாள். முதல் ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்து, விட்டிருந்த இடத்தில் அதே பெயரை எழுதினாள்.

"அதில் வந்தது ஈயல்லவா?" என்றேன்.

"ஈ தின்றுவிட்டுப் போனது. இருந்தது இதுதான்" என்றாள்.

மறுநாள் காலை பூப்பறிக்கும் அம்மாள் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள். நந்தியாவட்டையில் இன்னும் மூன்று புழு.

"பேரு தெரிஞ்சிடுச்சில்ல? இனிமே நசுக்கலாமில்ல?" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். பிறகு அவளே போய், மூன்றையும் கிளையோடு ஒடித்துக்கொண்டு வந்து செவ்வரளியில் மாட்டினாள்.

"அரளிப் பூவும் நான்தானேம்மா பறிக்கிறேன்" என்றாள் அந்த அம்மாள்.